ஒரே பெட்டியா, தனித்தனிக் கருவிகளா?

இல்லத் திரையரங்க ஒலியமைப்பு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

புதுவீடு கட்டிக் குடியேறும் குடும்பங்களில் தொலைக்காட்சி வாங்கிய சில மாதங்களுக்குள் அடுத்த ஆசை எழுவது இயல்பு. தொலைக்காட்சிப் பெட்டிகள் மெலிய மெலிய, அவற்றுள் ஸ்பீக்கருக்குரிய இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் படம் விரிந்து நிற்க, உரையாடலோ தெளிவின்றி ஒலிக்கிறது. நல்ல ஒலியமைப்பு ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து கடைக்குச் சென்றால், விற்பனையாளர் முன்வைக்கும் முதல் கேள்வியே நம்மைத் திகைக்க வைக்கிறது: ஏவி ரிசீவர் வேண்டுமா, தனித்தனிக் கருவிகள் வேண்டுமா?

இது செவியை மட்டும் சார்ந்த கேள்வி அன்று. சில பத்தாயிரங்களிலிருந்து சில லட்சங்கள் வரை செல்லக்கூடிய இச்செலவு, பல குடும்பங்களில் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வருகிறது. எந்தக் கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், எது விரைவில் பழையதாகும், எந்த எண்ணை நம்பலாம் என்பவற்றை அறிந்த பின் வாங்குவதே முறை. அவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ரிசீவருக்குள் இருப்பவை

வானொலி வாங்கியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பெட்டியில் வைத்த காலத்தில் ஏற்பட்ட பெயர் ரிசீவர். இன்று வானொலி அதன் சிறு பகுதியே. இன்றைய ஏவி ரிசீவர் நான்கு பணிகளைச் செய்கிறது.

முதலாவது, இணைப்புப் பணி. செட்டாப் பாக்ஸ், புளூரே பிளேயர், விளையாட்டுக் கருவி ஆகியவற்றின் எச்டிஎம்ஐ கேபிள்கள் யாவும் ரிசீவரில் வந்து சேர, அங்கிருந்து ஒரே கேபிள் தொலைக்காட்சிக்குச் செல்கிறது. இரண்டாவது, டால்பி, டிடிஎஸ் போன்ற முறைகளில் சுருக்கி அனுப்பப்படும் ஒலியை விரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய பங்கைப் பிரித்தல். மூன்றாவது, அறைக்கேற்பத் திருத்துதல். சிறு மைக் ஒன்றின் மூலம் அறையை அளந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் அளவையும் சரிசெய்தல். நான்காவது, அவ்வொலிக்கு ஆற்றல் ஊட்டி ஸ்பீக்கரை இயக்குதல்.

தனித்தனிக் கருவிகள் என்பது இந்நான்கு பணிகளையும் இரு பெட்டிகளாகப் பிரிப்பதாகும். முதல் மூன்றையும் பிராசசர் செய்யும். நான்காவதைப் பவர் ஆம்ப்ளிஃபையர் செய்யும். படத்தைவிடப் பாட்டே முதன்மை என்போர்க்கு மற்றொரு வகை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், அதனுடன் இணையவழி இசைக்கான ஸ்ட்ரீமர் அல்லது சிடி பிளேயர் என்ற அமைப்பு அது.

5.1, 7.1, 5.1.2 என்ற எண்களையும் இங்கே அறிந்துகொள்வோம். முதல் எண் செவிமட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களையும், இரண்டாம் எண் தாழ்ந்த ஒலிக்குரிய சப்வூஃபரையும் குறிக்கின்றன. மூன்றாம் எண் இருந்தால், அது மேலிருந்து ஒலி தரும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. 2012இல் திரையரங்குகளுக்கு வந்து, 2014இல் வீடுகளுக்கு வந்த டால்பி அட்மாஸ் முறைக்கு உரியது இந்த மூன்றாம் எண்.

ஆயுட்காலமே முதற்கணக்கு

வணிகவியல் படித்தவர்கள் தேய்மானம் என்ற சொல்லை அறிவர். ஒரு சொத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்க்கும் முறை அது. ஒலியமைப்பை வாங்குவதிலும் இக்கணக்கே நல்ல வழிகாட்டி; ஏனெனில் ரிசீவர் செய்யும் நான்கு பணிகளும் ஒரே வேகத்தில் பழையனவாவதில்லை.

எச்டிஎம்ஐ முறையின் வரலாற்றைப் பாருங்கள். முதற்பதிப்பு வெளியானது 2002 டிசம்பரில். தொலைக்காட்சியின் ஒலியை அதே கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009இல் 1.4 பதிப்புடன் வந்தது. நொடிக்கு 60 படங்கள் என்ற அளவில் 4கே காட்சியைக் கடத்தும் 2.0 பதிப்பு 2013இலும், நொடிக்கு 120 படங்களையும் இஏஆர்சி வசதியையும் தரும் 2.1 பதிப்பு 2017இலும் வந்தன. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிகள் மாறியிருக்கின்றன. புதிய பதிப்பு வந்தவுடன் முந்திக்கொண்டு வாங்குவதிலும் இடர் உண்டு. 2020இல் வெளிவந்த முதல் 2.1 ரிசீவர்கள் சிலவற்றில், இணைப்புச் சில்லின் குறையால் சில விளையாட்டுக் கருவிகளின் 4கே 120 காட்சி திரைக்கு வந்து சேரவில்லை. பின்னர் உற்பத்தியாளர்கள் கூடுதல் கருவி கொடுத்தும் பலகையை மாற்றிக் கொடுத்தும் அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

ஆற்றல் ஊட்டும் பணியிலோ இத்தகைய மாற்றம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இன்றைய ஸ்பீக்கரையும் தடையின்றி இயக்கும். ஸ்பீக்கரின் நிலையும் அதுவே. காகிதமும் ரப்பரும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த அக்கருவிக்கு மென்பொருளும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை.

இதை எண்களில் பார்ப்போம். கீழ்வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

ரிசீவர் 60,000 ரூபாய், பயன்பாடு 8 ஆண்டு எனில், ஆண்டுக்கு 7,500 ரூபாய்.
பிராசசர் 1,50,000 ரூபாய், பயன்பாடு அதே 8 ஆண்டு எனில், ஆண்டுக்கு 18,750 ரூபாய்.
பவர் ஆம்ப்ளிஃபையர் 1,20,000 ரூபாய், பயன்பாடு 20 ஆண்டு எனில், ஆண்டுக்கு 6,000 ரூபாய்.
ஸ்பீக்கர் தொகுதி 80,000 ரூபாய், பயன்பாடு 20 ஆண்டு எனில், ஆண்டுக்கு 4,000 ரூபாய்.

தனித்தனிக் கருவிகள் வாங்கினால் ஆற்றலுக்கும் பிரித்தலுக்கும் மட்டும் ஆண்டுக்கு 24,750 ரூபாய் ஆகிறது. ரிசீவருக்கோ 7,500 ரூபாய். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பவர் ஆம்ப்ளிஃபையர் விலை மிகுந்ததாயினும் நீண்ட நாள் உழைப்பதால் ஆண்டுச் செலவு ரிசீவரைவிடக் குறைவு. விரைவில் பழையதாகும் பிராசசரே செலவை உயர்த்துகிறது. ஆகவே, நீண்ட ஆயுள் உடைய பொருளில் தாராளமாகவும், குறைந்த ஆயுள் உடைய பொருளில் அளவாகவும் செலவிடுவதே பொருத்தம். மொத்தத் தொகையில் பெரும்பங்கை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

வாட் என்னும் எண்

ஒரு காலத்தில் நம் நாட்டு டேப் ரிக்கார்டர்களின் மேல் ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்ற ஒட்டுத்தாள் பளபளத்ததை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பிஎம்பிஓ என்பதற்குப் பொது வரையறை எதுவும் இருந்ததில்லை. ஆளுக்கொரு விதமாகக் கணக்கிட்டனர். அந்த ஒட்டுத்தாள் இன்று அரிதாகிவிட்டது. எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் மட்டும் முழுதும் நீங்கவில்லை.

ஒரே ரிசீவரை இருவிதமாக விவரிக்கலாம். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது, 10 சதவீதச் சிதைவு" என்ற நிபந்தனையில் கிடைக்கும் எண் பெரிது. "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரு சேனல்கள் இயங்கும்போது, 0.08 சதவீதச் சிதைவு" என்ற நிபந்தனையில் கிடைக்கும் எண் சிறிது. இரண்டாவதே ஒப்பிடத் தகுந்தது. இரு ரிசீவர்களை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் பாராமல், எண்ணுக்குப் பின் அச்சிட்டுள்ள நிபந்தனையும் ஒன்றுதானா என்று பாருங்கள். மேலும், ரிசீவரின் எல்லாச் சேனல்களும் ஒரே மின்வழங்கியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏழு சேனல்களும் ஒருங்கே முழங்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். நல்லவேளையாக, படங்களில் எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவது அரிது.

உண்மையில் நமக்கு எவ்வளவு வாட் தேவை? ஸ்பீக்கரின் உணர்திறனிலிருந்து இதைக் கணக்கிடலாம். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 87 டெசிபல் எனில், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் ஒலி கிடைக்கும். நாம் அமர்வது 3 மீட்டர் தொலைவில் என்றால் ஏறத்தாழ 9.5 டெசிபல் குறைந்து, 77.5 டெசிபல் வந்து சேரும். சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியைச் சேர்த்தால் இது சற்றுக் கூடவே இருக்கும். அதை நாம் கணக்கில் கொள்ளவில்லை. இனி, ஆற்றலைப் பத்து மடங்கு ஆக்கினால் 10 டெசிபல் கூடும். இரு மடங்கு ஆக்கினால் 3 டெசிபலே கூடும். அதன்படி 10 வாட்டில் 87.5 டெசிபலும், 50 வாட்டில் 94.5 டெசிபலும், 100 வாட்டில் 97.5 டெசிபலும், 200 வாட்டில் 100.5 டெசிபலும் கிடைக்கும்.

அடுக்ககத்து வரவேற்பறையில் 95 டெசிபல் என்பது பேரொலி. அடுத்த வீட்டார் வந்து கதவைத் தட்டக்கூடிய உச்சம் அது. அதற்கே ஏறத்தாழ 56 வாட் போதும் என்கிறது கணக்கு. 100 வாட்டுக்குப் பதில் 200 வாட் வாங்க இரட்டிப்புச் செலவு செய்தாலும் கிடைப்பது 3 டெசிபல். அது கவனித்துக் கேட்டால் தெரியும் சிறு ஏற்றமே. ஒலி இரு மடங்கு உரத்ததாகச் செவிக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும்.

எனினும் தனி ஆம்ப்ளிஃபையருக்கு உரிய இடமும் இதே கணக்கில் வெளிப்படுகிறது. திரையரங்க அளவுகோலின்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதே ஸ்பீக்கரில், அதே 3 மீட்டரில் அதை எட்ட 560 வாட்டுக்கு மேல் தேவைப்படும். தனி வீட்டில் ஒலித்தடுப்புடன் கட்டிய பெரிய அறை, குறைந்த உணர்திறனுள்ள ஸ்பீக்கர், மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் 4 ஓம் ஸ்பீக்கர் ஆகிய நிலைகளில் ரிசீவர் திணறும். அங்கே தனிப் பவர் ஆம்ப்ளிஃபையரோ, உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரோதான் தீர்வு. இவ்விரண்டில் உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரைத் தேர்வது பெரும்பாலும் செலவு குறைந்த வழி. உணர்திறன் 3 டெசிபல் கூடினால் தேவையான வாட் பாதியாகிவிடும்.

அறையும் ஒரு கருவி

இந்திய வீடுகளின் அறைகள் ஒலிக்கு இணக்கமானவை அல்ல. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, பளிங்கு அல்லது டைல்ஸ் தரை ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. உரையாடல் தெளிவின்றிப் போவதற்குப் பல வீடுகளில் ரிசீவர் காரணமன்று, வெறுந்தரையே காரணம். தடித்த கம்பளம், கனமான திரைச்சீலை, துணி உறையிட்ட சோஃபா, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை செய்யும் நன்மையை எந்த விலையுயர்ந்த பிராசசரும் முழுதாகச் செய்துவிட இயலாது.

தாழ்ந்த ஒலிக்கு வேறொரு சிக்கல் உண்டு. 14 அடி, அதாவது 4.27 மீட்டர் நீளமுள்ள அறையில், சுமார் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை சுவருக்குச் சுவர் பொருந்தி நிற்கும். அதனால் சுவரோரம் அமர்ந்தவருக்கு அந்த ஒலி முழங்கும்; நடுவில் அமர்ந்தவருக்கு மறைந்துபோகும். ரிசீவரின் தானியங்கித் திருத்தம் முழக்கத்தைக் குறைக்கும். மறைந்த ஒலியை மீட்டுத் தர அதனால் இயலாது. சப்வூஃபரை நகர்த்திப் பார்ப்பதும் இருக்கையைச் சற்று முன்னே இழுப்பதும் செலவில்லாத மருந்துகள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஸ்பீக்கர் கம்பிகளுக்கான குழாய்களைப் பின்சுவருக்கும் கூரைக்கும் பதித்துவிடுவது நல்லது. பிறகு சுவரை உடைப்பது ரிசீவரைவிடப் பெரிய செலவாக முடியலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியைப் பத்து மீட்டர் இழுத்தாலும், போய்வரும் மின்தடை 0.14 ஓம் அளவே. வீட்டுக்கு அது தாராளம். விலைமிகுந்த கேபிள் தேவையில்லை. ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், அதன் முனை நுழையும் அளவு அகலமான குழாயைப் பதியுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு

ரிசீவரா, தனித்தனியா என்ற கேள்விக்கு மூன்றாவது விடையும் இருக்கிறது. நடுத்தர விலைக்கு மேற்பட்ட ரிசீவர்கள் பலவற்றின் பின்புறத்தில் பிரீ-அவுட் என்ற முனைகள் இருக்கும். பிரித்து, திருத்தப்பட்ட ஒலியை ஆற்றல் ஊட்டாமல் வெளியே தரும் வாயில் அது. இவ்வசதி உள்ள ரிசீவரை இன்று வாங்கி, அதன் ஆம்ப்ளிஃபையரையே பயன்படுத்தலாம். சில ஆண்டுகள் கழித்துப் பெரிய அறைக்கோ பெரிய ஸ்பீக்கருக்கோ மாறும்போது, முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனி ஆம்ப்ளிஃபையரைச் சேர்க்கலாம். பின்னர் ரிசீவர் பழையதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்; ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் தொடர்ந்து உழைக்கும். முதலீட்டைப் பல தவணைகளாகப் பிரித்துக்கொள்ளும் வழி இது.

இனி, யாருக்கு எது பொருந்தும் என்று தொகுத்துப் பார்ப்போம். படமும் தொடரும் விளையாட்டும் முதன்மையாக உள்ள, நடுத்தர அறை கொண்ட குடும்பத்துக்கு ரிசீவரே போதுமானது. கர்நாடக இசையோ இந்துஸ்தானி இசையோ பழைய திரைப்பாடல்களோ மட்டுமே கேட்போர்க்கு ஏழு சேனல்கள் வீண்; அதே தொகையில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் நல்ல இரு ஸ்பீக்கர்களும் கூடுதல் நிறைவு தரும். இரண்டிலும் ஈடுபாடு உள்ளோர்க்குப் பிரீ-அவுட் உள்ள ரிசீவர் ஏற்றது. தனி அறை ஒதுக்கி, நீண்ட கால நோக்குடன் அமைப்போர்க்குப் பிராசசரும் பவர் ஆம்ப்ளிஃபையரும் பொருந்தும். வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி ஊர் மாறுவோர் சவுண்ட்பாருடன் நிறைவு கொள்வதில் குறை ஏதுமில்லை.

பணம் செலுத்தும் வழி

பண்டிகைக் காலங்களில் "செலவில்லாத் தவணை" என்ற அறிவிப்பைக் காண்கிறோம். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்பதை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றைய திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் முதலிலேயே தள்ளுபடியாகத் தருகிறார். வங்கி வழக்கம்போல் வட்டியை வசூலிக்கிறது.

60,000 ரூபாய் ரிசீவரை 12 மாதத் தவணையில், ஆண்டு வட்டி 14 சதவீதத்தில் வாங்குவதாகக் கொள்வோம். மாதத் தவணை 5,000 ரூபாய். உண்மையில் கடனாகப் பதிவாவது சுமார் 55,687 ரூபாய். வட்டி 4,313 ரூபாய். கடன் அட்டைத் தவணையில் அவ்வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 776 ரூபாய் நாம் செலுத்த வேண்டும். நடைமுறைக் கட்டணம் இருந்தால் அது தனி. ரொக்கமாக வாங்குவோர்க்கு அந்த 4,313 ரூபாய்த் தள்ளுபடி கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைக்குமெனில், தவணையின் உண்மையான விலை அத்தொகையும் வரியும் சேர்ந்ததாகும்.

அவசரமில்லாத பொருளுக்கு மறுவழியும் உண்டு. அதே 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் மாதந்தோறும் செலுத்தினால், வட்டி 6.5 சதவீதம் எனில், ஓராண்டில் 60,000 ரூபாய் முதலும் ஏறத்தாழ 2,100 ரூபாய் வட்டியும் கையில் இருக்கும். அந்த ஓராண்டில் புதிய மாதிரிகள் வந்து பழைய மாதிரிகளின் விலை இறங்குவதும் உண்டு.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

1. பின்புறத் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? அமெரிக்கச் சந்தைக்குரிய 120 வோல்ட் கருவியும் ஜப்பானியச் சந்தைக்குரிய 100 வோல்ட் கருவியும் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; உற்பத்தியாளரின் இந்திய உத்தரவாதமும் கிடைக்காது.

2. ஜிஎஸ்டி எண்ணும் கருவியின் வரிசை எண்ணும் உள்ள ரசீது தருகிறார்களா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? உங்கள் ஊரிலோ அருகிலோ சேவை மையம் உள்ளதா?

3. உற்பத்தியாளர் நிலையானவரா? ஜப்பானின் பெயர்பெற்ற ஆன்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2022 மே மாதத்தில் திவால் மனு தாக்கல் செய்தது. அந்தப் பெயர் வேறு நிறுவனங்களின் கையில் தொடர்கிறது. புகழ்பெற்ற பெயர் மட்டும் நீண்ட காலச் சேவைக்கு உறுதி ஆகாது.

4. தொலைக்காட்சியில் இஏஆர்சி உள்ளதா? ஏஆர்சி மட்டும் இருந்தாலும் ஓடிடி தளங்களின் சுருக்கிய அட்மாஸ் ஒலி பெரும்பாலும் ரிசீவரை அடையும். புளூரேயின் சுருக்காத ஒலியைத் தொலைக்காட்சி வழியே அனுப்ப இஏஆர்சி தேவை. பிளேயரை நேரே ரிசீவரில் இணைத்தால் அந்தத் தேவையும் இல்லை.

5. காற்றோட்டம் இருக்குமா? கதவுள்ள ஷோகேஸுக்குள் அடைத்த ரிசீவரின் ஆயுள் குறையும். மேலும் பக்கங்களிலும் இடைவெளி விடுங்கள்.

6. வீட்டுக்காப்பீட்டில் உள்ளுறைப் பொருள்கள் அடங்குகின்றனவா? 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில், கட்டடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. தீ, மின்னல், வெள்ளம் ஆகியவை அதில் அடங்கும். மின்னழுத்த ஏற்றத்தால் கருவி தானே பழுதானால் இழப்பீடு கிடைக்காது. எனவே மின்னழுத்தப் பாதுகாப்பும் நல்ல எர்த் இணைப்பும் அவசியம்.

குறையுள்ள பொருளைத் தந்து கடைக்காரரும் உற்பத்தியாளரும் தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ரசீது இல்லாவிடில் இவை எல்லாம் கடினமாகிவிடும்.

கடைக்குச் செல்லும்போது உங்களுக்குப் பழக்கமான ஒரு பாடலையும், உரையாடல் மிகுந்த ஒரு காட்சியையும் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் தேர்ந்தெடுத்த வெடிச்சத்தக் காட்சியில் எல்லா அமைப்பும் நன்றாகவே ஒலிக்கும். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, குறைந்த ஒலியளவில் வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். நாள்தோறும் வீட்டில் அந்த அமைப்பு செய்யப்போகும் வேலை அதுவே.